கீரை ஊரும் வாக்குச் சீட்டும்

மெக்சிகோ எல்லைக்கு அருகே உள்ள கிரிஸ்டல் சிட்டியில் பெரும்பான்மையினர் ஆட்சியைப் பிடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பிடித்த பிறகுதான் அடுத்த சோதனை.

நகர்மன்றத்தின் முன்னால் தலைவர்களுக்குச் சிலை வைப்பது உலக வழக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கிரிஸ்டல் சிட்டியில் அந்த இடத்தில் நிற்பவர் பாப்பாய். கீரை டப்பாவை ஒரே வாயில் காலி செய்துவிட்டு எதிரியைப் பந்தாடும் அதே கார்ட்டூன் மாலுமிதான். சிலை வைத்த ஆண்டு 1937. பாப்பாயைப் படைத்த ஓவியர் சீகரின் சொந்த ஊரான செஸ்டரிலேயே அவருக்குச் சிலை எழுந்தது 40 ஆண்டுகள் கழித்துத்தான்.

காரணம் கீரை. நம்மூர்க் கொடிப்பசலை அல்ல, வடக்கே பாலக் என்கிறார்களே, அது. குளிர்காலத்திலும் பனி அதிகம் தாக்காத இந்தப் பகுதிக்குக் ‘குளிர்காலத் தோட்டம்’ என்று பெயர். நாட்டின் மற்ற பகுதிகள் உறைந்து கிடக்கும்போது இங்கிருந்து கீரை ரயிலேறும். ‘உலகின் கீரைத் தலைநகரம்’ என்று ஊர் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டது. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஆல்மா என்ற இன்னொரு ஊரும் அதே பட்டத்துக்கு உரிமை கொண்டாடுகிறது. தலைநகரங்கள் விஷயத்தில் இப்படித் தகராறு வருவது சகஜம்.

சான் அன்டோனியோ நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 190 கிலோமீட்டர். தட்டையான நிலம், முள் மரங்கள், சப்பாத்திக் கள்ளி. இன்னும் 60 கிலோமீட்டர் அளவில் மேற்கே போனால் ரியோ கிராண்டே ஆறு, அக்கரையில் மெக்சிகோ. இந்த எல்லையே ஒருகாலத்தில் இடம் தெரியாமல் இருந்தது. 1836-இல் டெக்சாஸ் மெக்சிகோவிடமிருந்து பிரிந்தபோது, இந்தப் பக்கத்தில் ஓடும் நுவேசெஸ் ஆறுதான் எல்லை என்றது மெக்சிகோ. ரியோ கிராண்டேதான் என்றது டெக்சாஸ். இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்துக்காக மூண்ட சண்டையே 1846-இல் அமெரிக்க-மெக்சிகோ போராக வெடித்தது. 1848 உடன்படிக்கையில் ரியோ கிராண்டே எல்லையானது. ஆகவே இங்கே சில குடும்பங்கள் எல்லையைத் தாண்டி வந்தவை. சில குடும்பங்களை எல்லை தாண்டிப் போயிருக்கிறது.

கிரிஸ்டல் சிட்டி அடங்கியிருக்கும் கவுன்டிக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுக்கு, ஸவாலா என்று பெயர். யுகட்டானில் பிறந்து, மெக்சிகோ அரசியலில் உயர்ந்து, பிறகு டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு அந்தக் குடியரசின் முதல் துணை ஜனாதிபதியான லொரென்ஸோ டெ ஸவாலாவின் பெயர் அது. கவுன்டி 1858-இல் உருவானபோது பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். பிழை திருத்தப்பட்டது 1929-இல். மெக்சிகோ பெயர்களை எழுதுவதில் அன்றைய அதிகாரிகள் காட்டிய அக்கறை அவ்வளவுதான்.

ஊர் பிறந்தது ஒரு நில வியாபாரத்தில். 1905-இல் குரூஸ், பக்கிங்காம் என்ற இருவர் 10,000 ஏக்கர் மாட்டுப் பண்ணை ஒன்றை வாங்கி, துண்டு போட்டு விவசாய நிலமாக விற்றார்கள். ஆழ்துளைக் கிணறுகளில் பீறிட்ட தண்ணீர் பளிங்குபோல் இருந்ததால் இந்தப் பெயர். (இந்தப் பளிங்குத் தண்ணீரை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) நிலத்தை வாங்கியவர்கள் வெள்ளையர்கள். முள் காட்டை வெட்டித் திருத்தியவர்களும், வெங்காயம் பிடுங்கியவர்களும், கீரை அறுத்தவர்களும் மெக்சிகோ வம்சாவளியினர். அந்நாட்டுப் புரட்சியின்போது தப்பி வந்தவர்களும் இவர்களில் அடக்கம்.

அவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது மொழிபெயர்ப்பாளனுக்குத் தலைவலி. ‘ஹிஸ்பானிக்’ என்பது அரசுக் கணக்கெடுப்பின் சொல். வீட்டில் அவர்கள் தங்களை ‘மெஹிகானோ’ என்பார்கள். 1960-களின் இளைஞர்கள் வேண்டுமென்றே ‘சிகானோ’ என்ற சொல்லை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள். ஊருக்கும் இரண்டு பெயர்: காகிதத்தில் கிரிஸ்டல் சிட்டி, பேச்சில் ‘கிறிஸ்தால்’. எப்படிச் சொன்னாலும் தலைகளை எண்ணினால் அவர்களே பெரும்பான்மை. 1960-களிலேயே ஐந்தில் நான்கு பேருக்கு மேல்.

ஆனால் ஊரில் ஆண்டு முழுக்க இருக்க அவர்களுக்கு வழியில்லை. கீரை குளிர்காலப் பயிர். வசந்தம் வந்ததும் குடும்பத்தோடு லாரியில் ஏறி, நம் கங்காணிகளைப் போன்ற ஆள்பிடிகள் பின்னால் வடக்கே போவார்கள். மினசோட்டாவிலும் டக்கோட்டாவிலும் பீட் கிழங்கு, விஸ்கான்சினில் வெள்ளரி, வழியில் எங்காவது பருத்தி. 1938-இல் இவ்வூரின் 300 குடும்பங்களை ஆராய்ந்து மத்திய அரசின் நிறுவனம் ஒன்று 1941-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. பிள்ளைகள் பள்ளி முடிவதற்கு முன்பே கிளம்பி, பள்ளி திறந்து பல வாரங்கள் கழித்து வருவார்கள். வந்தாலும், பள்ளியில் ஸ்பானிய மொழி பேசினால் அடி விழும். பத்தாம் வகுப்பைத் தாண்டுவதே பெரிய காரியம்.

இப்படி அலைந்து திரிந்த கூலிகளுக்காக ஊர் ஓரத்தில் அரசு ஒரு குடியிருப்பு கட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அதற்கு வேறு உபயோகம் வந்தது. 1942 டிசம்பரில் முள்கம்பி வேலி, காவல் கோபுரங்களுடன் அது சிறை முகாமானது. எதிரி நாட்டவர் என்று பிடிக்கப்பட்ட ஜெர்மானியர், ஜப்பானியர், சில இத்தாலியர் ஆகியோரைக் குடும்பத்தோடு அடைத்து வைப்பதற்கான முகாம். 1944 இறுதியில் உள்ளே 3,374 பேர். மனைவி, மக்களில் பலர் அமெரிக்காவில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். உள்ளேயே ஜெர்மன் பள்ளி, ஜப்பானியப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி என்று மூன்று பள்ளிகள். கைதிகளே தோண்டிக் கட்டிய நீச்சல் குளம்.

இவர்களில் விசித்திரமான விதி பெருவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜப்பானியர்களுடையது. தென் அமெரிக்காவில் கடை வைத்து, முடி வெட்டி, விவசாயம் செய்து பிழைத்தவர்களை அந்நாட்டுப் போலீஸ் பிடித்து அமெரிக்கக் கப்பலில் ஏற்றியது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து இப்படி வந்த சுமார் 2,200 ஜப்பானியர்களில் 1,800 பேர் பெருவைச் சேர்ந்தவர்கள். பாஸ்போர்ட்டுகள் பறிமுதலாயின. ஜப்பானிடம் சிக்கிய அமெரிக்கர்களுக்குப் பண்டமாற்றுப் பொருள் இவர்கள். அந்தப் பண்டமாற்று நடந்த இடம் இந்தியக் கடற்கரை. போர்ச்சுகீசியர் வசமிருந்த கோவாவின் மர்முகாவோ துறைமுகத்தில் 1943 அக்டோபரில் ஸ்வீடன் கப்பல் கிரிப்ஸ்ஹோமும் ஜப்பானின் தெயா மாருவும் எதிரெதிரே வந்து பயணிகளை மாற்றிக்கொண்டன. கிரிஸ்டல் சிட்டியிலிருந்து போன குடும்பங்களும் அதில் இருந்தன.

போர் முடிந்த பிறகு மீதியிருந்த பெருவாசிகளை, விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர்கள் என்றது அமெரிக்கக் குடியேற்றத் துறை. துப்பாக்கி முனையில் அழைத்து வந்து, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டு, ஆவணம் எங்கே என்று கேட்ட கதை. பெரு பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிலர் நியூ ஜெர்சியில் காய்கறிகளைப் பதப்படுத்தும் சீப்ரூக் ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். முகாம் 1948 பிப்ரவரியில்தான் மூடப்பட்டது. அங்கே இன்று மிஞ்சியிருப்பவை சில சிமென்ட் அடித்தளங்களும், குளத்தின் தடமும், முன்னாள் கைதிகள் 1985-இல் வைத்த நினைவுக்கல்லும்.

அந்த முகாமை ஊர்க்காரர்கள் யாரும் கேட்கவில்லை, அவர்களை யாரும் கேட்கவுமில்லை. அதுவரை ஊரில் எதற்காகவும் அவர்களை யாரும் கேட்டதில்லை. கேட்க வைத்த முதல் வாய்ப்பு 1963-இல் வந்தது.

வாக்குரிமை எல்லோருக்கும் சட்டப்படி இருந்தது. ஆனால் டெக்சாஸில் வாக்களிக்க வரி கட்ட வேண்டும். தலைக்கு 1.75 டாலர். அதுவும் தேர்தல் நேரத்தில் அல்ல, பல மாதம் முன்பே, ஜனவரி 31-க்குள். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்தால் கீரை வயலில் பல மணி நேர உழைப்பு. தேர்தலே நினைவில் இல்லாத மாதத்தில் அந்தப் பணத்தை யார் எடுத்து வைப்பார்கள்? ஊரில் ஆண்டு முழுக்க ஓடியது ஒரே தொழிற்சாலை, டெல் மான்ட்டேயின் கீரை டப்பா ஆலை. அங்கே டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் வேரூன்றியிருந்தது. பாசோ என்ற மெக்சிகோ வம்சாவளியினரின் அரசியல் அமைப்பும் கைகோத்தது. வீடு வீடாகப் போய் வரி கட்ட வைத்தார்கள். வரி கட்டியவர்களின் பட்டியலில் முதல் முறையாக வெள்ளையர்களைவிட அவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நகர்மன்றத்தின் 5 இடங்களுக்கும் 5 பேர் நின்றார்கள். ஒரு தொழிற்சங்க நிர்வாகி, ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கடைச் சிப்பந்தி, ஒரு போட்டோ கடைக்காரர், ஒரு நிலத் தரகர். டெக்சாஸ் ரேஞ்சர் படையின் கேப்டன் அலீ தன் ஆட்களுடன் ஊருக்குள் வலம் வந்தார். அந்தப் படை பற்றி ஹாலிவுட் சொல்லும் கதை வேறு, எல்லையோர மெக்சிகோக்காரர்கள் சொல்லும் கதை வேறு. ஏப்ரல் 2-ஆம் தேதி 5 பேரும் ஜெயித்தார்கள். ஹுவான் கொர்னேஹோ மேயரானார். நாடு முழுக்கச் செய்தியாயிற்று.

விலையும் உடனே வந்தது. கடைச் சிப்பந்திக்கு வேலை போயிற்று. லாரி ஓட்டுநரின் வாரக் கூலி பாதிக்கும் கீழே இறங்கியது. நகர்மன்றத்தில் உட்காரச் சம்பளம் கிடையாது. பிழைப்பு வெள்ளைக்கார முதலாளியிடம். அனுபவமின்மையும் உள்சண்டையும் சேர்ந்துகொள்ள, 1965 தேர்தலில் 5 பேர் அணி தோற்றது. இந்தமுறை எதிரணி சாமர்த்தியமாகத் தன் பட்டியலிலும் சில ஸ்பானியப் பெயர்களைச் சேர்த்திருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்களைத் திகைக்க வைத்தது, யாரும் அரசியல் என்றே கருதாத ஒரு விஷயம். ஐபிஎல் புண்ணியத்தில் சியர்லீடர் என்றால் யார் என்று நமக்கும் இப்போது தெரியும். கிரிஸ்டல் சிட்டி உயர்நிலைப் பள்ளியில் 100-க்கு 85 மாணவர்களுக்கு மேல் மெக்சிகோ வம்சாவளி. சியர்லீடர்கள் 4 பேர். அதில் 3 பேர் வெள்ளைக்காரப் பெண்கள், ஒருத்திதான் மற்றவள். எழுதாத சட்டம் அது. தேர்வு செய்வது ஆசிரியர்கள். 1969-இல் மாணவர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். போதாக்குறைக்குப் பழைய மாணவர் சங்கம், பள்ளி விழா ராணியாக வருபவளின் தாயோ தந்தையோ அதே பள்ளியில் பட்டயம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று விதி போட்டது. பெற்றோர் பீட் வயலில் இருந்த காலத்தில் பட்டயம் எங்கிருந்து வரும்? தோலின் நிறத்தைக் குறிப்பிடாமலே வடிகட்டிவிடும் விதி. இத்தகைய விதிகளை எழுதுவதில் தேர்ந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

செவெரிதா லாரா, டயானா செர்னா, மரியோ த்ரெவினோ என்ற மூன்று மாணவர்கள் முன்னால் நின்றார்கள். கோரிக்கைப் பட்டியல் சியர்லீடரில் தொடங்கி நீண்டது. இருமொழிக் கல்வி, மெக்சிகோ வம்சாவளி ஆசிரியர்கள், ஸ்பானியம் பேசுவதற்குத் தண்டனை கூடாது, மெக்சிகோ சுதந்திர தினமான செப்டம்பர் 16-இல் விடுமுறை. பள்ளி வாரியம் காது கொடுக்கவில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். சில நாட்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. டெக்சாஸில் மாநில அரசு பள்ளிகளுக்குத் தரும் பணம் வருகைப் பதிவை வைத்து. காலியான ஒவ்வொரு நாற்காலிக்கும் வாரியம் டாலரில் இழந்தது. ‘பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்’ என்று ஏளனம் செய்யப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கை நன்றாகவே போட்டிருந்தார்கள். மூன்று பேரும் வாஷிங்டன் போய் செனட்டர் எட்வர்டு கென்னடி உள்ளிட்டோரைச் சந்தித்தார்கள். நீதித்துறை சமரசம் பேச ஆட்களை அனுப்பியது. விடுமுறையில் படிப்பு கெடாதிருக்கத் தொண்டர்கள் பாடம் நடத்தினார்கள். 1970 ஜனவரியில் வாரியம் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கியது.

பின்னணியில் இருந்தவர் ஹோசே ஆன்ஹெல் கூத்தியெரெஸ். இவ்வூரிலேயே 1944-இல் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர். 1963 தேர்தலில் கல்லூரி மாணவனாக வேலை செய்தவர். போராட்டம் முடிந்த சூட்டோடு, ஜனவரி 17-ஆம் தேதி ‘லா ராஸா உனீதா’ என்ற கட்சி பிறந்தது. ‘ஒன்றுபட்ட இனம்’ என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் அது சொல்லுக்குச் சொல். ‘ராஸா’ என்று ஸ்பானியத்தில் சொல்லும்போது அதில் ரத்தப் பெருமையைவிட ‘நம்ம ஜனங்க’ என்ற ஒட்டுதல்தான் அதிகம். எதிரிகள் முதல் பொருளில் படித்துப் பயந்தார்கள். ஆதரவாளர்கள் இரண்டாவது பொருளில் கேட்டு வாக்களித்தார்கள். வாக்கு வரியும் 1966-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு ஒழிந்திருந்தது. ஏப்ரலில் பள்ளி வாரியத்தில் நின்ற மூவரும் ஜெயித்தார்கள், கூத்தியெரெஸ் வாரியத் தலைவரானார். நகர்மன்றமும் கைக்கு வந்தது. 1974-இல் கூத்தியெரெஸ் கவுன்டி நீதிபதியானார். பெயர்தான் நீதிபதி, உண்மையில் கவுன்டி நிர்வாகத்தின் தலைமைப் பதவி அது.

பள்ளியில் மாற்றம் நிஜமானது. வகுப்பில் ஸ்பானியம் கேட்டது, மெக்சிகோ வம்சாவளி ஆசிரியர்கள் வந்தார்கள், முன்பு பாதியில் நின்ற பிள்ளைகளில் பலர் கல்லூரிக்குப் போனார்கள். இந்தக் கட்சியின் மிகப் பெரிய சாதனை இதுவே என்பது என் கருத்து. 1972-இல் மாநில கவர்னர் தேர்தலில் கட்சி வேட்பாளர் ராம்ஸி மூனியஸ் சுமார் 6 சதவீத வாக்குகள் வாங்கியதை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுகின்றன. ஊர்க்காரர்களுக்குப் பெரியது பள்ளிதான்.

ஆனால் நாற்காலியைப் பிடித்தவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். நிலம் இன்னும் பழைய கைகளில். வெள்ளையர் பலர் வெளியேறினார்கள். கூட்டுறவுப் பண்ணை தொடங்க மத்திய அரசின் மானியத்துக்கு முயன்றபோது, டெக்சாஸ் கவர்னர் டால்ஃப் பிரிஸ்கோ, ‘குட்டி கியூபா’ உருவாகிறது என்று எதிர்த்தார். பிரிஸ்கோ அண்டை கவுன்டியைச் சேர்ந்த பெரும் நிலக்கிழார். கூத்தியெரெஸ் 1975-இல் கியூபா போய் வந்தது எதிரிகளுக்கு வசதியாகிவிட்டது. அதே காலத்தில் கட்சியும் உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்தது.

பெரிய அடி 1977 செப்டம்பரில். ஊருக்கு இயற்கை எரிவாயு தந்த லோ-வாகா நிறுவனம் பழைய ஒப்பந்த விலையைக் கைவிட்டு, பல மடங்கு உயர்ந்த விலை கேட்டது. நகர்மன்றம் தர மறுத்தது. வழக்கு நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, கடைசியில் குழாய் மூடப்பட்டது. ஓர் ஊருக்கே அடுப்பு அணைந்தது. வசதி உள்ளவர்கள் சிலிண்டர் வாங்கினார்கள். இல்லாதவர்கள் முள் மரத்தை வெட்டி விறகு மூட்டினார்கள். தேர்தலில் வெல்லத் தெரிந்த ஊருக்கு, எங்கோ உட்கார்ந்து வால்வைத் திருகும் கையைத் தேர்தலில் தோற்கடிக்க வழி தெரியவில்லை. 1970-களின் முடிவில் கட்சி தேய்ந்தது. 1981-இல் கூத்தியெரெஸ் பதவி விலகினார்.

அதற்குப் பிறகு ஆட்சி செய்தவர்களும் ஊரின் பிள்ளைகளே. வகுப்பைப் புறக்கணித்து நடந்த செவெரிதா லாராவே பின்னாளில் மேயராக இருந்தார். எதிர்த்துப் போராட வெளியாள் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதையும் ஊர் பார்த்தது. 2016 பிப்ரவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை வந்து இறங்கி, மேயர், நகர நிர்வாகத்தின் தலைமை அதிகாரி, நகர்மன்றத்தின் இந்நாள், முன்னாள் உறுப்பினர்கள் ஆகியோரை லஞ்சக் குற்றச்சாட்டில் கைது செய்தது. இன்னொரு உறுப்பினர் ஆள் கடத்தல் வழக்கில் ஏற்கெனவே சிக்கியிருந்தார். நகர்மன்றத்தில் குற்றச்சாட்டு இல்லாமல் மிஞ்சியவர் ஒரே ஒருவர். அதே மாதம் குழாயைத் திறந்தவர்களுக்குக் கறுப்புத் தண்ணீர் வந்தது. நீண்ட காலம் கழுவாத மேல்நிலைத் தொட்டியைக் கழுவப் போய், அடியில் படிந்திருந்த சேறெல்லாம் வீட்டுக் குழாய்களில் கொட்டியது. பளிங்குத் தண்ணீரால் பெயர் வாங்கிய ஊர்.

அந்த ஆண்டே வாக்காளர்கள் நகர்மன்றத்துக்குப் புது ஆட்களை அனுப்பினார்கள். வரி கட்டாமல், ரேஞ்சர் காவல் இல்லாமல், வேலை போகும் பயமில்லாமல்.

வேலையே குறைந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம். பாறை எண்ணெய் எடுக்கும் வேட்டை 2010-ஐ ஒட்டி இந்தப் பக்கம் வந்து சாலையெல்லாம் டேங்கர் லாரிகளாக ஓடி, விலை சரிந்ததும் அடங்கியது. 2019-இல் டெல் மான்ட்டே தன் உற்பத்தியை இங்கிருந்து வேறு ஆலைகளுக்கு மாற்றுவதாக அறிவித்தது. 1963-இன் வெற்றிக்கு அடித்தளமான அதே ஆலை. டப்பாவுக்குப் போகும் கீரையை இயந்திரங்கள் அறுக்கத் தொடங்கிப் பல காலமாகிறது. 1960-இல் 9,000-க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 6,354. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஹிஸ்பானிக்.

பீட் வயலுக்குப் போனவர்களில் பலர் ஒரு கட்டத்தில் திரும்பவில்லை. விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் வீடு வாங்கித் தங்கிவிட்டார்கள். போரின்போது நின்றுபோன கீரைத் திருவிழாவை 1982-இல் ஊர் மறுபடியும் தொடங்கியது. நவம்பரில், கீரை தழைக்கும் நேரத்தில் நடக்கிறது. அந்த வாரக் கடைசியில் அவர்களும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தெற்கு நோக்கிக் காரோட்டி வருகிறார்கள். ஊர்வலம் போகிறது, சமையல் போட்டி நடக்கிறது, ஊரில் இருப்பவர்களின் வீடுகளில் உறவினர்கள் தரையில் பாய் விரிக்கிறார்கள். ஞாயிறு மாலை ஆனதும் கார்கள் வடக்கே திரும்புகின்றன.